டெம்ப்பிடம் தோற்றவன் சொல்கிறேன்: படத்தின் தீம் இசையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி தன் குறும்படத்துக்குப் போட்ட இசையை அனுப்பி, "அண்ணா, கேட்டுட்டு உண்மையைச் சொல்லுங்க" என்றார். நாற்பது விநாடி ஓடுவதற்குள், எந்தப் படத்தின் எந்தக் காட்சி இசையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினார் என்று தெரிந்துவிட்டது. படத்தின் பெயரைச் சொன்னேன். "எப்படிண்ணா கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். எப்படிக் கண்டுபிடிக்காமல் இருப்பேன்? படங்களுக்கு இசையமைக்கும் நானும் அதே வேலையை அதே பாணியில் செய்து கையைச் சுட்டுக்கொண்டவன்தான். படத்தை வெட்டும்போது தற்காலிகமாகப் போட்டு வைக்கும் வேறு படத்து இசையிடம், அதாவது டெம்ப்பிடம், தோற்றவன்.

சுருதி விலகிய கிடார், கிழிகிற பாஸ், ஊர் முழுக்கச் சுற்றிய இலவச லூப் போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அதையெல்லாம் காலப்போக்கில் காதே சொல்லிக் கொடுத்துவிடும். காது சொல்லித் தராத சில தவறுகளை மட்டும் பார்ப்போம்.

இன்னொன்று. 'தீம்' என்ற சொல்லோடு 'ஐ' சேர்த்தால் 'தீமை' ஆகிவிடுகிறது. அதனால் முடிந்தவரை 'தீம் இசை' என்றே எழுதுகிறேன்.

தீம் இசையைப் பொய் சொல்ல விடுவது

ஒரு பாத்திரத்துக்குத் தீம் இசை வைத்துவிட்டால், அந்த இசைதான் அந்தப் பாத்திரத்தின் பெயர். வேறு யாரோ கதவைத் தட்டும்போது, பயமுறுத்துவதற்காக வில்லனின் இசையைப் போட்டீர்கள் என்றால், அப்புறம் வில்லனே வரும்போது அந்த இசையை யாரும் நம்பமாட்டார்கள்.

1975இல் வந்த 'ஜாஸ்' படத்தில் சுறாவுக்கு ஜான் வில்லியம்ஸ் கொடுத்தது அடிப்படையில் இரண்டே ஸ்வரம். அது எல்லோருக்கும் தெரியும். அது ஒலிக்காத இடத்தைத்தான் நான் தம்பிகளுக்குப் போட்டுக் காட்டுவேன். இரண்டு பையன்கள் சுறாவின் துடுப்பு மாதிரியான பொய்த் துடுப்போடு நீந்தி எல்லோரையும் அலற வைக்கிறார்கள். அங்கே அந்த இசை இல்லை. சுறா இல்லாத இடத்தில் சுறாவின் இசையும் இல்லை. அப்படி இசையை நம்பப் பழகிவிட்டதால்தான், பிற்பாடு இசையே இல்லாமல் உண்மையான சுறா திடீரென்று தலையை நீட்டும்போது நாற்காலியோடு தூக்கிப் போடுகிறது.

டெம்ப்பைக் காதலிப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் அடங்காதது இதில்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எடிட்டிங் நடக்கும்போது படத்துக்கு இன்னும் இசை இருக்காது. வெறும் படத்தை வெட்டுவது கஷ்டம் என்பதால், எடிட்டர் வேறொரு படத்தின் இசையை எடுத்துத் தற்காலிகமாகப் போட்டு வைப்பார். அதுதான் டெம்ப். நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் இயக்குநர் அதே காட்சியை அதே இசையோடு மூன்று நான்கு மாதம் பார்க்கிறார். நம் கைக்கு வரும்போது அது அவருக்குத் தற்காலிகமாக இருப்பதில்லை.

என் இரண்டாவது படம். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு அப்பா மகளைத் தேடி ஓடும் காட்சி. டெம்ப்பாக ஒரு புகழ்பெற்ற வெளிநாட்டுப் படத்தின் வயலின் கூட்டம். நான் செய்த முதல் முட்டாள்தனம், அந்த இசையோடுதான் காட்சியை முதல்முறை பார்த்தது. இரண்டாவது, அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டது. எழுதிக் கொண்டுபோனேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா... அது இல்லையே" என்றார் இயக்குநர். அந்த "அது" என்ற சொல்லை அடுத்த ஐந்து வாரத்தில் பதினொரு முறை கேட்டேன். பன்னிரண்டாவது முறை அவருக்குப் பிடித்துப்போனது. பிடிக்காமல் என்ன செய்யும்? அதற்குள் என் இசைக்கும் டெம்ப்புக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளிகூட இல்லை. வயலின்காரர்களை வரவழைத்து ரெக்கார்டும் பண்ணிவிட்டோம்.

வசனம், இசை, மற்ற ஒலிகள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கும் மிக்ஸிங்குக்கு மூன்று நாள் இருந்தபோது, தயாரிப்புத் தரப்பின் வக்கீல் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டுவிட்டு, இதோடு படத்தை வெளியே விட முடியாது என்றார். ஒரே ராத்திரியில் புதிதாக எழுதினேன். மறுபடி ரெக்கார்டிங். அந்தச் செலவு என் சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்டது. பாதிக்கு மேல் போயிற்று. பணம் போனதுகூட ஆறிவிட்டது. அந்த ஒரே ராத்திரியில் எழுதியதுதான் படத்திலேயே நன்றாக இருந்த இசை என்பதுதான் ஆறவில்லை. முதல் நாளே எழுதியிருக்கலாம்.

பெரியவர்களும் இதில் அடிபட்டிருக்கிறார்கள். '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'க்கு அலெக்ஸ் நார்த் இசை எழுதி ரெக்கார்டிங்கும் செய்தார். இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக், தான் டெம்ப்பாகப் போட்டு வைத்திருந்த செவ்வியல் இசையையே வைத்துக்கொண்டார். தன் இசை படத்தில் இல்லை என்பது 1968இல் படத்தைப் பார்த்த பிறகுதான் நார்த்துக்குத் தெரிந்தது. ஜெர்ரி கோல்ட்ஸ்மித் கதை இன்னும் வேடிக்கை. 1979இல் வந்த 'ஏலியன்' படத்துக்கு டெம்ப்பாகப் போடப்பட்டதில் அவரே 1962இல் 'ஃப்ராய்ட்' படத்துக்கு எழுதிய இசையும் இருந்தது. சில இடங்களில் அவர் புதிதாக எழுதியதை எடுத்துவிட்டு அந்தப் பழசையே வைத்துவிட்டார்கள். தன் பழைய இசையிடமே தோற்பது என்றால் அது எப்பேர்ப்பட்ட எரிச்சல்!

சரி, டெம்ப்பை மியூட் செய்துவிட்டு எழுதினால் போதுமா? போதாது. இது எனக்கு மிகவும் தாமதமாகப் புரிந்தது. ஒலியை அணைத்தாலும் டெம்ப்பின் வேகம் வெட்டுகளுக்குள் உட்கார்ந்திருக்கும். எடிட்டர் அந்தத் தாளத்துக்குத்தான் வெட்டியிருப்பார். அந்த வராந்தா காட்சியைச் சத்தமில்லாமல் போட்டுக்கொண்டு விரலால் மேசையில் தட்டினாலும் நிமிடத்துக்கு 96 தாள அடி என்றே வந்தது. டெம்ப்பின் வேகமும் 96.

புதிதாக எழுதிய அந்த ராத்திரியில் பிரேம்களை எண்ணினேன். விநாடிக்கு 24 பிரேம் என்றால் நிமிடத்துக்கு 1440. அதை 96ஆல் வகுத்தால் ஓர் அடிக்கு 15 பிரேம். வெட்டுகள் ஏறக்குறைய 60 பிரேமுக்கு ஒருமுறை, அதாவது நாலு அடிக்கு ஒன்று. இப்போது வேகத்தை 72ஆகக் குறைத்தால் ஓர் அடிக்கு 20 பிரேம். அதே 60 பிரேமுக்குள் மூன்று அடி. வெட்டு இடம் மாறவில்லை, ஆனால் நாலின் நடையான சதுஸ்ரம் மூன்றின் நடையான திஸ்ரமாகிவிட்டது! ஓடிக்கொண்டிருந்த அப்பா தள்ளாட ஆரம்பித்தார். டெம்ப்பின் சாயலே இல்லை. எடிட்டர் ஒரு பிரேமைக்கூடத் தொடவில்லை.

அதிலிருந்து என் வழக்கம் இதுதான்: டெம்ப் இல்லாத பிரதியை முதலில் வாங்குவேன். வெட்டு விழும் பிரேம் எண்களைக் காகிதத்தில் எழுதிக்கொள்வேன். சொந்தமாக ஒரு மெட்டு வந்த பிறகுதான் டெம்ப்போடு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பார்ப்பேன். அதிலும் கவனிப்பது இரண்டே விஷயம்: இசை எந்த இடத்தில் நுழைகிறது, எந்த இடத்தில் நிற்கிறது. இயக்குநருக்கு உண்மையில் பிடித்திருப்பது பெரும்பாலும் அந்த இரண்டு இடங்கள்தான். அவருக்கே அது தெரிந்திருக்காது. "உங்களுக்கு இந்த இசையில் என்ன பிடித்தது?" என்று கேட்காதீர்கள், பதில் வராது. "இதை இங்கே நிறுத்தினால் என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள்.

வசனத்தோடு மல்லுக்கட்டுவது

நடிகர் பேசும்போது பெரிய வயலின் மாதிரியான செல்லோ அதே உயரத்தில் ராகம் பாடினால் இரண்டில் ஒன்றுதான் காதில் விழும். மிக்ஸிங்கில் குறைக்கப்படுவது எப்போதும் செல்லோதான். ஆக, பேச்சுக்குக் கீழே நீண்ட ஸ்வரங்களைப் பிடித்துவையுங்கள். மெட்டு நகர்வதை மூச்சு விடும் இடைவெளிக்கு ஒத்திப்போடுங்கள். வசன ஒலியோடு சேர்த்துக் கேட்காமல் எந்த இசையையும் அனுப்பாதீர்கள். நான் அனுப்பியிருக்கிறேன்.

பாடுபவரின் குரலைக் கேட்காமல் மெட்டுப் போடுவது

படத்துக்குள் ஒரு பாத்திரம் பாடுகிறது என்றால் மெட்டு அந்தத் தொண்டைக்கு அடங்க வேண்டும். 1961இல் 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனிஸ்' படத்துக்கு 'மூன் ரிவர்' பாட்டை எழுதிய ஹென்றி மான்சினி, பயிற்சி பெற்ற பாடகி அல்லாத ஆட்ரி ஹெப்பர்னின் குரலுக்கென்றே அதை அமைத்தார். சுமார் ஒரு ஸ்தாயிக்குள், அதாவது கீழ் ஸ முதல் மேல் ஸ வரைக்குள், முடிந்துவிடும். ஆஸ்கர் அதற்குத்தான் கிடைத்தது. யார் வேண்டுமானாலும் பாடிப்பார்க்க முடிகிற மெட்டு என்பதும் அது நிலைத்ததற்கு ஒரு காரணம் என்பேன். புதியவர்கள் தங்கள் கீபோர்டின் நீளத்துக்கு மெட்டுப் போடுகிறார்கள்.

கருவிகளைக் கூட்டிக்கொண்டே போவது

1949இல் வந்த 'தி தர்ட் மேன்' முழுவதற்கும் அன்டன் கராஸ் வாசித்த சிதர் என்ற தந்தி வாத்தியம் ஒன்றே போதுமாக இருந்தது. உங்கள் மூன்று நிமிடக் காட்சிக்கு எதற்கு நாற்பது டிராக்?

எல்லா இடத்திலும் இசை

வேண்டாம். ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' (1963) வழக்கமான பின்னணி இசை இல்லாமலே பயமுறுத்துகிறது. அதில் பெர்னார்ட் ஹெர்மன் என்ற பெரிய இசையமைப்பாளர் வேலை செய்தது ஒலி ஆலோசகராக.

முணுமுணுக்க முடியாத தீம்

அது தீம் இல்லை.

பிரேம் கணக்கைக் கேட்காமல் தொடங்குவது

விநாடிக்கு 24 பிரேமா, 25 பிரேமா? முதல் நாளே கேளுங்கள். 25க்கு எழுதிய இசையை 24இல் ஓடும் படத்தோடு சேர்த்தால், ஒரு நிமிடக் காட்சியின் முடிவில் இசை இரண்டரை விநாடி முந்திக்கொண்டு போய் நிற்கும். அந்தத் தம்பியின் படத்தில் கதவு சாத்துவதற்கு முன்பே சாத்திய அதிர்ச்சி வந்துவிட்டது.