பயணத்திலும் இரவிலும் குழந்தைக்குப் பால்மா கரைக்கும் முறை

மருத்துவரின் ஆலோசனைப்படி குழந்தைக்குப் பால்மா கொடுக்கத் தொடங்கியிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் பேருந்தில் போகும்போதோ, மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழாவுக்குப் புறப்படும்போதோ, வீட்டிலேயே பாலைக் கரைத்துப் போத்தலில் எடுத்துச் செல்வது எளிதாகத் தோன்றும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மாவையும் சுடுநீரையும் தனித்தனியே கொண்டுபோய், குழந்தைக்குப் பசிக்கும் நேரத்தில் கரைப்பதே பாதுகாப்பானது.

முத்திரை உடைக்காத டின்னில் இருந்தாலும் பால்மா கிருமியற்றது அன்று; குரோனோபாக்டர், சல்மொனெல்லா போன்ற கிருமிகள் அதில் இருக்கக்கூடும். உலக சுகாதார அமைப்பு 2007இல் வெளியிட்ட வழிகாட்டி, 70 பாகை செல்சியசுக்குக் குறையாத நீரில் மாவைக் கரைக்கச் சொல்வது இவற்றை அழிப்பதற்காகவே. கரைத்த பாலில் எஞ்சிய கிருமிகள் நம் ஊர் வெக்கையில் விரைவாகப் பெருகுவதால், அதை 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

முதலில் போத்தலையும் சூப்பியையும் சவர்க்காரமிட்டுத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, நீரில் முழுவதும் அமிழ்த்தி 10 நிமிடம் கொதிக்க வையுங்கள். அடுத்து, ஒவ்வொரு வேளைக்கும் உரிய மாவை, டின்னுடன் வந்த கரண்டியால் தலைதட்டி அளந்து, சுத்தமான, ஈரமில்லாத சிறு மூடிப் பெட்டிகளில் போடுங்கள். டின்னில் எழுதியுள்ள அளவை மாற்றவே கூடாது. மா கூடினால் குழந்தைக்கு மலச்சிக்கலும் நீரிழப்பும் வரலாம். தண்ணீர் கூடினால் வயிறு நிரம்பினாலும் போதிய ஊட்டம் கிடைக்காது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரையோரக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பாக இருக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகுமே தவிர உப்பு போகாது. ஆகவே நல்ல குடிநீரையே கொதிக்க வைத்து, சூடு ஆறுமுன் சுடுநீர்ப் பிளாஸ்க்கில் விளிம்புவரை நிரப்பி இறுக மூடுங்கள். நிரம்பிய பிளாஸ்க்கில்தான் சூடு நெடுநேரம் நிற்கும். தேநீர்க் கடையில் வாங்கும் சுடுநீர் உண்மையில் கொதித்ததா என்பது நமக்குத் தெரியாது என்பதால் அதை நம்ப வேண்டாம்.

கரைக்கும்போது கைகளைக் கழுவிக்கொண்டு, முதலில் நீரையும் பிறகு மாவையும் போட்டு, மூடிச் சுழற்றிக் கலக்குங்கள். பின்னர், மூடி நனையாதபடி போத்தலைக் குளிர்ந்த நீருள்ள கோப்பையில் வைத்து ஆற்றி, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி விட்டு இளஞ்சூடுதானா என்று பாருங்கள்.

இரவுக்கும் இதே ஏற்பாட்டைப் படுக்கையருகே, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துக்கொள்ளலாம். தூக்கக் கலக்கத்தில் கரண்டிக் கணக்கு தவறிவிடும் என்பதால், முன்கூட்டி அளந்துவைத்த மா அப்போது பெரிய உதவி. குளிர்சாதனப் பெட்டி உள்ளவர்கள் கரைத்தவுடன் விரைவாக ஆற்றி, கதவுப் பக்கமன்றி உட்பக்கத்தில், 5 பாகைக்கு மேற்படாத குளிரில் வைத்தால் 24 மணி நேரத்துக்குள் கொடுக்கலாம். மின்சாரம் நெடுநேரம் தடைப்பட்ட இரவில் அந்தப் பாலைக் கொட்டிவிடுங்கள். குழந்தை குடித்து மிச்சம் வைத்த பாலையும் அடுத்த வேளைக்கு வைக்காமல் கொட்டி, போத்தலில் பால் காயுமுன் அலசி வையுங்கள்.