பழைய பிரெஸ்ட் பம்ப் வாங்கலாமா? பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

"நல்லா கழுவி, கொதிநீரில் போட்டெடுத்து வச்சிருக்கேன்" என்றுதான் பழைய பிரெஸ்ட் பம்பை (தாய்ப்பாலை உறிஞ்சி எடுக்கும் கருவி) விற்பவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். ஆனால் அவர் கழுவிய பாகங்களை எப்படியும் நீங்கள் மாற்றத்தான் போகிறீர்கள். யாராலும் கழுவ முடியாத மோட்டார் பெட்டியை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அதற்குள் பால் போக வழி இருந்ததா, இன்னும் எவ்வளவு ஓட்டம் மிச்சம் என்ற இரண்டும் தெரிந்தால் போதும்.

படி 1: பெட்டியின் அடியில் இருக்கும் லேபிளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்

மாடல் பெயர், சீரியல் எண், வோல்ட் அளவு மூன்றும் தெளிவாகத் தெரிய வேண்டும். மாடல் பெயரை வைத்துக் கையேட்டைத் தேடி எடுத்து, ஒருவருக்கான பம்பா, பலருக்கானதா என்று பாருங்கள். மெடெலா கம்பெனியின் சிம்ஃபனி போன்றவை பலருக்கானவை: மோட்டார் பொது, பாலும் உடலும் படும் செட் மட்டும் ஆளுக்கு ஒன்று. கடையில் சாதாரணமாகக் கிடைப்பவை பெரும்பாலும் ஒருவருக்கானவை. அவற்றை இன்னொருவர் பயன்படுத்தவே கூடாது என்பதுதான் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சொல்வது. எச்ஐவி, சைட்டோமெகலோ வைரஸ் போன்றவை தாய்ப்பால் வழியே பரவக்கூடியவை.

'ஹாஸ்பிட்டல் கிரேடு' என்ற சொல்லுக்காக ஒரு பைசாவும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். எஃப்டிஏ அந்தச் சொல்லை அங்கீகரிக்கவில்லை. ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றிய அர்த்தத்தில் அதை அச்சடிக்கிறது.

குழந்தை குறைமாதத்தில் பிறந்திருந்தாலோ, எதிர்ப்புச் சக்தி குறைவாக இருந்தாலோ இங்கேயே நிறுத்திவிடுங்கள். பலருக்கான பம்பை வாடகைக்கு எடுத்து, புது செட் மாட்டிப் பயன்படுத்துவதுதான் வழி.

சிம்ஃபனி மாதிரி விலை உயர்ந்த பம்ப் அடிமாட்டு விலைக்கு வந்தால் சந்தேகப்படுங்கள். வாடகைக்குக் கொடுக்கும் நிறுவனத்தின் ஸ்டிக்கர் இருக்கிறதா, சுரண்டிய தடம் தெரிகிறதா என்று பாருங்கள். திருப்பிக் கொடுக்காத வாடகை பம்ப்களும் சந்தைக்கு வரும்.

படி 2: காற்று போகும் வழியைத் தொடர்ந்து பாருங்கள்

பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான், அதனால் நிதானமாகப் பார்ப்போம். மோட்டார் பாலை இழுப்பதில்லை, காற்றைத்தான் இழுத்து விடுகிறது. டியூப் வழியாக அந்த இழுப்பு மார்பில் வைக்கும் புனலுக்குப் போய் வெற்றிடம் உண்டாக்குகிறது. வெளிவரும் பால் வால்வைத் தாண்டி பாட்டிலில் விழுகிறது. புனலுக்கும் டியூபுக்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லையென்றால் பால் துளியும் ஈரமும் டியூபில் ஏறி மோட்டார்வரை போகலாம். இது திறந்த அமைப்பு. நடுவே மெல்லிய சிலிகான் தடுப்பு இருந்து, ஒரு பக்கம் பால், மறுபக்கம் காற்று என்று பிரிந்திருந்தால் மூடிய அமைப்பு.

எப்படிக் கண்டுபிடிப்பது? டியூப் வந்து சேரும் இடத்தைக் கழற்றிப் பாருங்கள். சின்னக் கிண்ணம் போல மடிந்து விரியும் சிலிகான் துண்டு உள்ளே இருந்தால் மூடியது. டியூப் நேராகப் புனலின் கழுத்திலேயே செருகியிருந்தால் திறந்தது. பெயரை மட்டும் நம்ப வேண்டாம். மெடெலாவின் பழைய பம்ப் இன் ஸ்டைல் அட்வான்ஸ்டு திறந்த அமைப்பு. அதே பம்ப் இன் ஸ்டைல் பெயரில் பின்னால் வந்த மேக்ஸ்ஃப்ளோ வகை மூடியது. ஸ்பெக்ட்ரா கம்பெனியின் எஸ்1, எஸ்2 இரண்டும் மூடியவை.

திறந்த அமைப்பு என்றால் விலை எதுவானாலும் வேண்டாம். புது டியூப், புது பாட்டில் போட்டாலும் தீராது. உள்ளே போன பால் ஈரமும் இருட்டுமான இடத்தில் பூஞ்சை பிடிக்கும், அதே காற்றுதான் ஒவ்வொரு இழுப்பிலும் முன்னும் பின்னும் போய்வரும். சானிடைசர் துணி வெளித்தோலைத்தான் துடைக்கும். மோட்டாரைப் பிரித்துச் சுத்தம் செய்து தருவதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூடிய அமைப்பு என்றால் அடுத்த கேள்வி, அந்தத் தடுப்பு எப்போதும் முழுசாக இருந்ததா? கிழிந்த தடுப்போடு ஓட்டிய மூடிய பம்ப், திறந்த பம்ப்தான். பழைய தடுப்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, மடிப்பில் லேசாக இழுத்துப் பாருங்கள். ஊசித்துளையும் கணக்குதான். டியூபின் உள்சுவரில் வெள்ளைக் கோடோ கறுப்புப் புள்ளியோ தெரிகிறதா? மோட்டாரில் டியூப் செருகும் துளைக்குள் காய்ந்த பஞ்சுக் குச்சியை விட்டுத் திருப்பிப் பாருங்கள். பிசுபிசுப்பு, மஞ்சள் கறை, புளித்த வாடை, இவற்றில் ஒன்று இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம். டியூபைப் புதிதாக மாற்றி வைத்திருக்கிறார் என்றால் பழையதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், தடயம் அதில்தான் இருக்கும்.

எல்லாம் சுத்தமாக இருந்தாலும் ஒருவருக்கான பம்ப் ஒருவருக்கானதுதான். ஆபத்து குறையுமே தவிர மறையாது. அதை ஏற்பதா வேண்டாமா என்பதை மருத்துவரிடமோ தாய்ப்பால் ஆலோசகரிடமோ கேட்டு முடிவு செய்யுங்கள்.

படி 3: ஓடிய மணிக்கணக்கு

எத்தனை மாதம் வைத்திருந்தார் என்று கேட்பதில் பயனில்லை, ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கேளுங்கள். தினம் 8 தடவை, தடவைக்கு 20 நிமிடம் என்றால் 180 நாளில் 480 மணி நேரம். தினம் ஒரே ஒரு தடவை என்றால் அதே காலத்தில் 60 மணி நேரம்தான். ஓடிய நேரத்தைக் காட்டும் வசதி அந்த மாடலில் உண்டா என்று கையேட்டில் பாருங்கள், இருந்தால் உங்கள் முன்னால் காட்டச் சொல்லுங்கள்.

படி 4: இழுவையை அளந்து பாருங்கள்

மோட்டார் தளர்ந்தாலும் திரையில் வரும் இழுவை எண் மாறாது. 8 என்று காட்டிக்கொண்டே பழைய 5-இன் இழுவையைத் தரும். அம்மா தனக்குப் பால் குறைந்துவிட்டதாக நினைத்துக் கவலைப்படுவார். மார்பு சரியாகக் காலியாகாவிட்டால் பால் கட்டும், நாளடைவில் சுரப்பும் உண்மையிலேயே குறையும். அதனால் உள்ளங்கையைப் புனலில் வைத்து "இழுக்குதே" என்று திருப்திப்படுவது போதாது.

ஒரு வேக்குவம் கேஜ் (வெற்றிடத்தை அளக்கும் கருவி) இரவல் கிடைத்தால் நல்லது. டியூபின் முனையை அதில் நேராகச் செருகி, பம்பை உச்சத்தில் வைத்து, முள் எதுவரை போகிறது என்று பாருங்கள். பல பம்ப்களின் உச்சம் சுமார் 250 எம்எம்எச்ஜி (பாதரச மில்லிமீட்டர்), அதாவது ஏறக்குறைய 33 கிலோபாஸ்கல். கையேட்டில் 250 என்று போட்டிருந்து முள் 200-ஐத் தாண்டவில்லை என்றால் விட்டுவிடுவேன். டியூபில் சரியாக இருந்து புனலில் மட்டும் குறைந்தால் மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது, வால்வோ தடுப்போ கசிகிறது. இரட்டை பம்ப் என்றால் இரண்டு பக்கமும் தனித்தனியாக அளந்துவிடுங்கள்.

பத்து நிமிடமாவது ஓட விடுங்கள். சத்தம் தடுமாறினாலோ, சூடேறியதும் இழுவை குறைந்தாலோ வேண்டாம். பேட்டரியில் ஒருமுறை, மின் இணைப்பில் ஒருமுறை பாருங்கள்.

அடாப்டரையும் கவனியுங்கள். பம்ப் இன் ஸ்டைலிலேயே 9 வோல்ட், 12 வோல்ட் என இரண்டு வகை உண்டு. மோட்டார் லேபிளும் அடாப்டரும் ஒத்துப்போகாவிட்டால் இழுவை சரியாக வராது, மோட்டாரும் கெடலாம். மிக மலிவாக வரும் "இழுவை கம்மி" பம்ப்களில் சில வெறும் அடாப்டர் கோளாறுதான்.

படி 5: கணக்குப் போடுங்கள்

பழைய விலையோடு புது செட்டின் விலையையும் சேருங்கள்: புனல், இணைப்பான், வால்வு, தடுப்பு, டியூப், பாட்டில். இவற்றில் எதையும் கொதிக்கவைத்து ஒப்பேற்ற வேண்டாம். புனலின் அளவும் உங்களுக்கானதாக இருக்க வேண்டும். விற்பவருடைய 27 மிமீ உங்களுக்கு 21 ஆக இருக்கலாம், காம்பின் அடிவிட்டத்தை அளந்து வாங்குங்கள். புனல் வேறு கம்பெனியுடையதாக இருந்தால் பரவாயில்லை. வால்வும் தடுப்பும் மட்டும் பம்ப் கம்பெனியுடையதாகவே இருக்கட்டும், இழுவை முழுக்க அவற்றை நம்பித்தான் இருக்கிறது. வாரண்டி பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்குத்தான், அதைப் பூஜ்யமாகவே வையுங்கள். மொத்தத் தொகை புது பம்பின் விலையில் பாதியைத் தாண்டினால் புதிதே வாங்குங்கள்.

பின்சேர்க்கை: கை பம்ப்பும் உள்ளாடைக்குள் வைக்கும் பம்ப்பும்

கை பம்பில் மோட்டார் கிடையாது. எல்லாம் கழன்று வரும், பாத்திரத்தில் 5 நிமிடம் கொதிக்கவைக்கலாம். தயாரிப்பாளர்கள் அதையும் பகிரக் கூடாது என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் புதியதே மலிவு என்பதால் இந்த விவாதமே தேவைப்படாது.

உள்ளாடைக்குள் வைக்கும் பம்பைப் பழையதாக வாங்கவே வேண்டாம். மோட்டார் பால் கோப்பையின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, பேட்டரியும் உள்ளேயே அடைபட்டிருக்கிறது. பேட்டரி தளர்ந்தால் மாற்ற முடியாமல் மொத்தமாகத் தூக்கிப் போட வேண்டியதுதான். மொபைல் செயலியோடு இணையும் மாடல் என்றால் பழைய உரிமையாளரின் கணக்கிலிருந்து அது விடுபட்டதா என்பது தனித் தலைவலி.