அப்கிரேட் பண்ணதுக்கு அப்புறம் லேப்டாப் ஹேங் ஆகுதா? ஃபார்மேட் அடிக்கறதுக்கு முன்னாடி லாக்கை (சிஸ்டம் எழுதி வைக்கற பதிவை) பாருங்க

லினக்ஸ் அப்கிரேட் முடிச்ச மறுநாளே என் லேப்டாப் ஹேங் ஆக ஆரம்பிச்சது. பாட்டு பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும், ஸ்க்ரீன் மட்டும் அப்படியே நிக்கும், மேல இருக்கற கடிகாரம் 10:42-லயே இருக்கும், மவுஸ் அசையாது. இதுல ஒரு விஷயம், வீடியோ பாக்கும்போது ஒரு தடவை கூட வரல, ஒரு பிடிஎஃப்பை திறந்து வச்சு கையை எடுத்துட்டு சும்மா படிச்சிட்டிருந்தா தான் வரும். பாக்கறவங்க எல்லாம் ஃபார்மேட் பண்ணிடுன்னாங்க. பண்ணல, நாலு நாள் உக்காந்து காரணத்தை கண்டுபிடிச்சேன், அது கிராபிக்ஸ் டிரைவர். அதே வழியை இங்க எழுதறேன்.

உபுண்டுவை வச்சு சொல்றேன். கமாண்ட் எல்லாம் உச்சரிப்பா எழுதியிருக்கேன், நீங்க இங்கிலீஷ் சின்ன எழுத்துல டைப் பண்ணிக்கோங்க. டெர்மினல் திறக்கறது, சூடோ போடறது எல்லாம் தெரியும்னு வச்சுக்கறேன்.

அப்கிரேட்ல என்ன மாறுதுன்னா, சிஸ்டத்தோட மையமான கர்னல். உபுண்டு 22.04 வெளிவந்தப்ப அது 5.15, 24.04 வந்தது 6.8-ஓட. இன்டெல்லுக்கான ஐ915, ஏஎம்டிக்கான ஏஎம்டிஜிபியு ரெண்டு டிரைவரும் கர்னலுக்குள்ளயே இருக்கு, அதனால கர்னல் மாறினா டிரைவரும் சேர்ந்து மாறிடும், நீங்க தனியா எதையும் தொட்டிருக்கவே வேண்டாம்.

முதல் படி, ஹேங் ஆன அந்த நிமிஷம். கேப்ஸ் லாக்கை அமுக்கிப் பாருங்க. லைட் எரிஞ்சு அணைஞ்சா கர்னல் உயிரோட இருக்கு, ஸ்க்ரீன் பக்கம் தான் பிரச்சனை. அதுவா விட்டு விட்டு மின்னினா கர்னல் பேனிக், அதாவது கர்னலே நின்னுடுச்சு, அது வேற கதை. லைட் வேலை செஞ்சா கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூணையும் சேர்த்து அமுக்குங்க, கருப்பு லாகின் ஸ்க்ரீன் வந்தா அங்கிருந்தே ரீபூட் பண்ணிடலாம்.

வரலைன்னா பவர் பட்டனை அமுக்கிப் புடிக்காதீங்க, ப்ளீஸ். லாக்கை எழுதற ஜர்னல் சர்வீஸ் சாதாரண மெசேஜ்களை 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை தான் டிஸ்க்ல உறுதி பண்ணும், நீங்க பட்டுனு பவரை நிறுத்தினா எந்த வரி உங்களுக்கு வேணுமோ அந்த வரியே போயிடும். அதுக்கு பதிலா ஆல்ட்டை புடிச்சுக்கிட்டே பிரிண்ட் ஸ்க்ரீன் கீயை அமுக்கி, வரிசையா எஸ், யு, பி. எஸ்னா டிஸ்க்ல எழுது, யுன்னா டிஸ்க்ல இனிமே எழுதவிடாம பண்ணு, பின்னா ரீபூட். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ரெண்டு செகண்ட் விடுங்க. நிறைய லேப்டாப்ல பிரிண்ட் ஸ்க்ரீனுக்கு எஃப்என் கீயும் சேர்த்து அமுக்கணும், அப்படின்னா பிரிண்ட் ஸ்க்ரீன் அமுக்கினதும் எஃப்என்னை மட்டும் விட்டுடுங்க, ஆல்ட் கையிலயே இருக்கட்டும். ஆர், இ, ஐ எல்லாம் சேர்த்து ஆறு எழுத்தா சொல்லுவாங்க, ஆனா உபுண்டுல எதுக்கெல்லாம் அனுமதின்னு சொல்ற மதிப்பு 176, அதாவது எஸ்ஸுக்கு 16, யுவுக்கு 32, பிக்கு 128 மூணும் கூட்டினது, அந்த ஆறுல எஸ் யு பி மூணுக்கு மட்டும் தான் அனுமதி. அதனால மத்தது வேலை செய்யலன்னு பயப்படாதீங்க.

இப்ப ரெண்டாவது படி, நான் ரெண்டு சாயங்காலம் தொலைச்ச இடம். எல்லாரும் சொல்றது, ஜர்னல்சிடிஎல் மைனஸ் பி மைனஸ் 1 போட்டா போன தடவை பூட் ஆனதோட லாக் வரும்னு. சரிதான். ஆனா நான் ஹேங் ஆனதும் ரீபூட் பண்ணி, திரும்ப ஒரு தடவை ரீபூட் பண்ணி, அப்புறம் தான் லாக்கை திறந்தேன், அப்ப மைனஸ் 1ங்கறது ஹேங்கே ஆகாத நல்ல பூட், அதுல போய் வரி வரியா தேடிட்டிருந்தேன், ஒண்ணுமே இல்ல, சரி ஹார்ட்வேர் தான் போச்சு போலன்னு ரேம் வரைக்கும் கழட்டி மாட்டினேன். அதனால முதல்ல ஜர்னல்சிடிஎல் மைனஸ் மைனஸ் லிஸ்ட் மைனஸ் பூட்ஸ் அடிங்க. ஒவ்வொரு பூட்டும் எப்ப ஆரம்பிச்சு எப்ப முடிஞ்சதுன்னு டைமோட வரும். உங்க கடிகாரம் நின்ன நேரம் எந்த வரிசைல இருக்குன்னு பாத்து அந்த நம்பரை போடுங்க, எனக்கு அது மைனஸ் 2. கூடவே மைனஸ் கே சேர்த்தா கர்னல் மெசேஜ் மட்டும் வரும்.

கடைசி ஐம்பது வரி போதும். ஃப்ளிப் டன் டைம்டு அவுட், ஜிபியு ஹேங், ரிங் டைம்அவுட், என்விடியான்னா எக்ஸ்ஐடி, இதுல ஏதாவது ஒண்ணு கண்ணுல பட்டா கிராபிக்ஸ் தான். எனக்கு கிடைச்சது ஃப்ளிப் டன் டைம்டு அவுட், டைமும் 10:42.

மூணாவது படி, பழைய கர்னல்ல பூட் பண்றது. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது எஸ்கேப் கீயை தட்டினா, எதுல பூட் ஆகணும்னு கேக்கற கிரப் மெனு வரும், ஒரே ஒரு தட்டு, ரெண்டு மூணு தட்டிட்டா மெனு போய் வெறும் கிரப் ப்ராம்ப்ட் வந்து நிக்கும். அப்படி ஆனா நார்மல்னு டைப் பண்ணி என்டர் அடிச்ச கையோட எஸ்கேப்பை ஒரு தட்டு தட்டுங்க, மெனு திரும்ப வரும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ள பழைய கர்னல் இருக்கும். அதுல ரெண்டு நாள் ஓட்டியும் ஹேங் ஆகலைன்னா காரணம் கர்னலோட வந்த டிரைவர்னு நம்பலாம். அது வரைக்கும் ஆட்டோரிமூவ் கமாண்டை தொடாதீங்க, பழைய கர்னலை அது தூக்கினாலும் தூக்கிடும்.

நாலாவது படி தான் மருந்து. படிக்கும்போது மட்டும் ஹேங் ஆகுதுன்னு சொன்னேன்ல, அதுக்கு காரணம் பிஎஸ்ஆர், அதாவது பேனல் செல்ஃப் ரெஃப்ரெஷ். ஸ்க்ரீன்ல படம் மாறாம இருந்தா பேனல் தன்கிட்ட இருக்கற மெமரியில இருந்தே காட்டிக்கும், ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) பக்கம் தூங்கி பேட்டரியை மிச்சம் பண்ணும். தூக்கத்துல இருந்து எழுந்துக்கறதுல டிரைவர் சொதப்பினா ஸ்க்ரீன் அப்படியே நின்னுடும். வீடியோ ஓடும்போது படம் மாறிட்டே இருக்கும், தூங்கவே நேரம் இல்ல.

முதல்ல தற்காலிகமா சோதிங்க. கிரப் மெனுல புது கர்னல் மேல வச்சு இ அமுக்குங்க, லினக்ஸ்னு ஆரம்பிக்கற வரியோட கடைசிக்கு போங்க, ஒரு ஸ்பேஸ் விட்டு இன்டெல்லுன்னா ஐ915 டாட் எனேபிள் அண்டர்ஸ்கோர் பிஎஸ்ஆர் ஈக்வல் 0, ஏஎம்டின்னா ஏஎம்டிஜிபியு டாட் டிசிடீபக்மாஸ்க் ஈக்வல் 0எக்ஸ்10. ஈக்வலுக்கு ரெண்டு பக்கமும் ஸ்பேஸ் கூடாது. எஃப்10 அமுக்கினா பூட் ஆகும். இது இந்த ஒரு பூட்டுக்கு மட்டும் தான், தப்பா போனாலும் அடுத்த ரீபூட்ல பழையபடி ஆயிடும், அதனால தைரியமா பண்ணலாம்.

சரியாச்சுன்னா நிரந்தரமா போடுங்க. ஈடிசிக்குள்ள டிஃபால்ட்டுக்குள்ள கிரப்னு இருக்கற ஃபைலை நேனோ எடிட்டர்ல சூடோவோட திறங்க (கிரப்புக்குன்னு படம் காட்டற டூல் எல்லாம் இருக்கு, நான் நேனோ தான் சொல்லுவேன், என்ன மாத்தினோம்னு கண்ணுக்கு தெரியும்). க்வயட் ஸ்ப்ளாஷ்னு இருக்கற இடத்துல, கடைசி மேற்கோள் குறிக்கு உள்ள சேருங்க, வெளிய இல்ல. சேவ் பண்ணி சூடோ அப்டேட் ஹைஃபன் கிரப். ரீபூட் ஆனதும் கேட் கமாண்ட் போட்டு ப்ராக் உள்ள இருக்கற சிஎம்டிலைன் ஃபைலை பாருங்க, நீங்க சேர்த்தது அதுல இருந்தா தான் வேலை முடிஞ்சது. பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கலாம், வேலைக்கு நடுவுல நிக்கறதுக்கு அது எவ்வளவோ மேல்.

அப்டேட் 1: லிஸ்ட் பூட்ஸ்ல ஒரே ஒரு வரி தான் வருதுன்னு கேட்டிருந்தீங்க. உங்க சிஸ்டம்ல லாக் ரேம்ல மட்டும் இருக்கு, ரீபூட் ஆனா அழிஞ்சிடும். வார் உள்ள லாக் உள்ள ஜர்னல்னு ஒரு ஃபோல்டர் உருவாக்கி ரீபூட் பண்ணுங்க, அடுத்த ஹேங்ல இருந்து சேரும்.

அப்டேட் 2: நோமோட்செட்ங்கற பூட் ஆப்ஷனை போட்டா சரியாயிடுச்சு, அப்படியே விட்டுடவான்னு ரெண்டு பேர். விடாதீங்க. அது டிரைவரையே ஒதுக்கி வச்சிடும், வீடியோ திணறும், பிரைட்னஸ் கூட மாறாம போகலாம். உள்ள போய் சரி பண்றதுக்கு மட்டும் அதை வச்சுக்கோங்க. என்விடியா வச்சிருக்கறவங்க உள்ள போனதும் டிகேஎம்எஸ் (ஒவ்வொரு கர்னலுக்கும் டிரைவர் மாட்யூலை பில்ட் பண்ற டூல்) ஸ்டேட்டஸ் அடிச்சு பாருங்க, புது கர்னல் நம்பருக்கு நேரா இன்ஸ்டால்டுன்னு இல்லைன்னா டிரைவர் மாட்யூல் பில்டே ஆகாம இருக்கலாம், அந்த கர்னலோட ஹெடர்ஸ் பேக்கேஜை போட்டுட்டு டிரைவரை திரும்ப இன்ஸ்டால் பண்ணுங்க.