9 இன்ச் நட்சத்திரத்த 12 இன்ச் ஆக்கப் போறீங்களா? நாங்க பண்ணுன தப்பெல்லாம் பண்ணாதீங்க

போன தடைக்காலத்துல, அதான் ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாதுல்ல, வீட்ல கையில காசு ஓட்டம் கம்மி, நேரம் மட்டும் நெறைய, அப்பதான் எங்க குழுவுல பத்து பேர் சேந்து ஒரு க்வில்ட், அதான் துணித் துண்டெல்லாம் சேத்து தைக்கிற போர்வை, தச்சு விக்கலாம்னு எறங்குனோம். மண்டபம் ஊர்ல நாலு பேர், பாம்பன்ல மூணு, தங்கச்சிமடத்துல மூணு. போர்வையில வர்ற ஒவ்வொரு சதுரத்தையும் ப்ளாக்னு சொல்றது, ஆளுக்கு மூணு ப்ளாக், மொத்தம் 30. குறுக்க அஞ்சு, நீளத்துக்கு ஆறு, ப்ளாக் 12 இன்ச்னா 5 அடிக்கு 6 அடி வந்துரும். பேட்டர்ன் ஒஹையோ ஸ்டார், அமெரிக்காவுல ரொம்ப காலமா தைக்கிற ப்ளாக். மூணுக்கு மூணு, ஒம்போது கட்டம், நடுவுல ஒண்ணு, மூலையில நாலு சதுரம், மீதி நாலு கட்டமும் முக்கோணமா வெட்டி சேத்து தைக்கிறது, அதுதான் நட்சத்திரத்தோட கை.

கையில இருந்த பேட்டர்ன் 9 இன்ச்சுக்கு. நமக்கு வேண்டியது 12. இதுல என்ன இருக்குன்னு நெனச்சோம். மொத ரவுண்டு பஸ்ல வந்து சேந்த ப்ளாக்கெல்லாம் தரையில பரப்பிப் பாத்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டல, ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு, பாக்கவே வயித்தெரிச்சல்.

பெரிய தப்பு எதுன்னா பேப்பர அப்படியே ஜெராக்ஸ்ல 133 பர்சன்ட் போட்டது. மூணு பேர் அதத்தான் பண்ணிருந்தாங்க. 9ஐ 12 ஆக்குனா அந்தக் கணக்குதானேன்னு தோணும், ஆனா பேப்பர்ல இருக்குற அளவுல தையலுக்கு விட்ட துணியும் சேந்தே இருக்கு, அதுவும் சேந்து பெருசாயிரும். 9 இன்ச் ப்ளாக்ல ஒரு கட்டம் தச்ச பெறகு 3 இன்ச், வெட்டுறது 3½, சுத்தி கால் இன்ச் தையலுக்கு. அந்த 3½ஐ ஜெராக்ஸ்ல பெருசாக்குனா 4 இன்ச் 5 நூலுக்கும் கொஞ்சம் மேல வரும், வேண்டியதோ 4 இன்ச் 4 நூல்தான். (ஒரு இன்ச்சுக்கு 8 நூல், ஆசாரி கணக்குதான், தையலுக்கும் அதான் வசதி.) இதுகூடப் பரவால்ல, முக்கோணக் கட்டத்துக்கு தையல் கூடுதலா விட்ருப்பாங்க, அது இன்னும் பெருசாயிரும். கடைசில அந்தக் கட்டம் பக்கத்து சதுரத்த விட சரியா 2 நூல் நீட்டிக்கிட்டு நிக்கும். அத இழுத்துப் புடிச்சு சுருக்கம் வச்சு தச்சு அனுப்பிருந்தாங்க, பாவம்.

எங்க லாத்தா (அக்கா) ஒருத்தங்க, கீழக்கரையில பொறந்தவங்க, இத ஒரே நிமிஷத்துல வெளங்க வச்சாங்க. "வாசல்ல கோலத்த பெருசா போடுறாக, புள்ளிக்கு நடுவுல எடத்த அகட்டுவாகளா, மாவு கோட்ட தடிமனாக்குவாகளா?" அவ்வளவுதான் விஷயம். கட்டம் வளரும், தையலுக்கு விடுற கால் இன்ச் வளராது, ப்ளாக் 6 இன்ச்னாலும் 20 இன்ச்னாலும் அது கால் இன்ச்சுதான்.

அதனால மொதல்ல தச்சு முடிஞ்ச அளவ மட்டும் போடுங்க. 12ஐ மூணா வகுத்தா கட்டம் 4. சதுரத்துக்கு அதோட அரை இன்ச் கூட்டி 4½ வெட்டணும். நாலா வெட்டுற முக்கோணத்துக்கு ஒண்ணேகால் கூட்டி 5¼ சதுரம் வெட்டி ரெண்டு பக்கமும் மூலைக்கு மூலை வெட்டணும். வேற ப்ளாக்ல சதுரத்த ரெண்டாதான் வெட்டுவீங்கன்னா 7 நூல் கூட்டுனா போதும். எந்த சைஸ் ப்ளாக்குக்கும் கூட்டுறது இதேதான். புது ஆளுங்க இருக்குற குழுன்னா முக்கோணத்துக்கு இன்னும் 2 நூல் சேத்து வெட்டச் சொல்லி தச்ச பெறகு சீர் பண்ணிக்கங்க, அந்த ஒண்ணேகால் ரொம்ப நெருக்கமான கணக்கு, கை கொஞ்சம் ஆடுனாலும் பத்தாது.

இதுக்கு நேர் எதிரா ஒரு கடல்பாசி எடுக்குற அக்கா கட்டம் 4ன்னதும் 4 இன்ச்சே வெட்டிட்டாங்க, தையலுக்கு விடவே இல்ல. விளிம்பு போக ப்ளாக் 10½ல நின்னுச்சு.

சைஸ் முடிவு பண்றதுலயும் ஒண்ணு இருக்கு. மூணு கட்டத்துக்கு 6, 9, 12, 15 எல்லாம் சுலபமா வகுபடும். கரடிக்கால்னு ஒரு ப்ளாக் இருக்கு, பேர்ஸ் பா, அது ஏழுக்கு ஏழு, அத 12க்கு போடுறேன்னு நின்னா கட்டம் 1.71, எந்த டேப்புலயும் அந்தக் கோடு இல்ல. அதுக்கு 10½ இல்லன்னா 14தான். எல்லா ப்ளாக்கும் 12லதான் வரணும்னு அடம் புடிக்காதீங்க.

குழு வேலைன்னா இன்னொரு தொல்லை, ஆளுக்கு ஒரு டேப்பு. எங்க பத்து டேப்பையும் பக்கத்துல பக்கத்துல விரிச்சுப் பாத்தோம், ரெண்டு டேப்பு இழுபட்டு நீண்டு போயிருந்துச்சு, ஒண்ணுல முனைத் தகரமே இல்ல. தையலும் அப்படித்தான், ஒவ்வொரு மிஷின் பாதமும் ஒரு அகலம். அரை நூல்தானேன்னு விட்றாதீங்க, தையல் அரை நூல் கூடுனா ரெண்டு துண்டுலயும் போகும், ஒரு தையலுக்கு ஒரு நூல், ஒரு வரிசையில ரெண்டு தையல், அப்ப ப்ளாக்கு கால் இன்ச் போச்சு. நீளத்துக்கு ஆறு ப்ளாக் சேத்தா ஒன்றரை இன்ச் காணும். இப்ப நாங்க பண்றது, வெட்டுறது ஒரே ஆள், ஒரே ஸ்கேல். அப்புறம் எல்லாரும் மொதல்ல ஒரு ப்ளாக் மட்டும் தச்சு அனுப்பணும், தையல் விளிம்போட சேத்து 12½ இருந்தாதான் அடுத்த ரெண்டுக்கு துணி. ஒருத்தருக்கு இது கோவம் வந்துச்சு, வரட்டும். பேட்டர்ன போன்ல அனுப்பி ஆளாளுக்கு பிரிண்ட் போட விட்டா அதுவும் வெனைதான், பேப்பருக்கு அடங்குறாப்ல பிரிண்டரே சுருக்கிரும், ஒரு ஓரத்துல 1 இன்ச் கட்டம் வரைஞ்சு அனுப்புங்க, அத அளந்து பாத்துட்டு வெட்டட்டும்.

துணிக் கணக்கு. 9லேருந்து 12க்குப் போனா மூணுல ஒரு பங்குதான் கூடும்னு நெனச்சு வாங்குனோம். 81 எங்க 144 எங்க, முக்கால் மடங்குக்கு மேல கூடுது. பாதியில துணி தீந்து திரும்பப் போனா அதே கலர் கெடைக்கல. வாங்குன கைலித் துணிய, பரமக்குடி காட்டன, எல்லாத்தையும் வெட்டுறதுக்கு முன்னாடி ஒரே வீட்ல நனைச்சுக் காயப் போடுங்க, ஒருத்தர் நனைச்சு ஒருத்தர் நனைக்காம தச்சா மொத சலவையிலயே தெரிஞ்சுரும். செகப்பு கைலி சாயம் விடும், தனியா. முக்கோணம் பெருசாகப் பெருசாக கிராஸ் பக்கமும் (சாய்வா வெட்டுன பக்கம்) நீளம், இழுபடும், கஞ்சி போட்டு வெட்டுங்க, அயர்ன் பாக்ஸ தேய்க்காம வச்சு வச்சு எடுங்க. உள்ள இலவம்பஞ்சு வேணாம், கட்டம் பெருசுன்னா ஒரு மூலையில போய் உருண்டுக்கும், பழைய வேட்டி ரெண்டு மடிப்பு போதும்.

அப்புறம் அந்த ஜெராக்ஸ் ப்ளாக். மூணும் விளிம்போட 13 இன்ச் வந்துச்சு. ஒருத்தர் நல்லது பண்றேன்னு நாலு பக்கமும் கால் கால் இன்ச் நறுக்கி 12½ ஆக்கிட்டாங்க. டேப்பு வச்சா சரியா இருக்கு. ஆனா நறுக்குனது நட்சத்திர முனைக்கு வெளிய தையலுக்குன்னு விட்ட அந்தக் கால் இன்ச்ச, முனை விளிம்புலயே வந்து நிக்குது, பக்கத்து ப்ளாக்கோட சேத்து தச்சதும் எல்லா முனையும் தையலுக்குள்ள போயி மொண்ணையாயிருச்சு. பிரிச்சு எடுத்து தலகாணி உறை ஆக்கிட்டோம். ஒண்ணு எங்க வீட்லதான் கெடக்கு, மக அத மூக்கறுந்த ஸ்டாருன்னுதான் சொல்லுவா.