கடக்கரைல ஓடுற பிள்ளைகளுக்கு பயிற்சி எவ்வளவு?
மண்டபம், பாம்பன் பக்கம் பிள்ளைக மணல்ல ஓட்டம், கபடி, வாலிபால்னு பழகுறது ரொம்ப நல்லது, வளர்ற வயசுல ஓடிக் குதிச்சா எலும்பு கெட்டியாகும். ஆனா வயசு 12னா வாரத்துக்கு 12 மணி நேரத்துக்கு மேல கோச்சிங் வேணாம், ஒரு நாளாவது முழு ரெஸ்ட் குடுங்க. முட்டிக்குக் கீழ எலும்பு புடைச்சு, தொட்டா வலிக்குதுன்னா தைலம் தேய்ச்சு ஓட விடாதீங்க ப்ளீஸ், வளர்ற எலும்ப தசைநார் இழுத்து இழுத்து வர்ற வலி அது, டாக்டர்கிட்ட காட்டுங்க. நம்மூர் கடக்காத்துல ஈரம் ஜாஸ்தி, வேர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது, அதனால வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிடணும், மூத்திரம் அடர் மஞ்சளா போனா தண்ணி பத்தல. பொம்பளப் பிள்ளைகளுக்கு பீரியட்ஸ் 3 மாசம் வரலன்னா சும்மா விடாதீங்க, ஓடுற அளவுக்கு சாப்பாடு இல்லாமலும் அப்படி நிக்கும், மீனு, முட்டை, சோறு கூடவே வைங்க, டாக்டரையும் பாருங்க.