ஒருபக்கப் புறக்கணிப்புக்கு மூளைத் தூண்டல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூளையின் வலப்பாதியில் பக்கவாதமோ காயமோ ஏற்பட்ட சிலர், தட்டின் வலப்பக்கச் சோற்றை உண்டு முடித்துவிட்டு இடப்பக்கம் இருப்பதைத் தொடாமலேயே எழுந்துவிடுவர். முகத்தின் வலப்பாதியை மட்டும் மழித்துக்கொள்வர். இடப்புறம் நிற்கும் மகள் அழைத்தால் வலப்புறம் தேடுவர். ஒருபக்கப் புறக்கணிப்பு எனப்படும் இக்குறைபாட்டுக்குக் காந்தத் துடிப்பாலோ மெல்லிய மின்னோட்டத்தாலோ மூளையைத் தூண்டும் முறைகள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராயப்படுகின்றன. இதில் நேரும் பிழைகளில் பல, கருவியை இயக்குவதற்கு முன்பே நேர்ந்துவிடுகின்றன.

முதலாவது, இதைப் பார்வைக் கோளாறு என்று கொள்வது. இத்தாலியின் பிசியாக்கும் லுசாட்டியும் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், மிலான் நகரப் பேராலயச் சதுக்கத்தில் ஆலயத்தை நோக்கி நிற்பதாகக் கற்பனை செய்யச் சொன்னபோது, நோயாளிகள் வலப்புறக் கட்டடங்களையே பெரும்பாலும் குறிப்பிட்டனர். ஆலயப் படியில் நின்று சதுக்கத்தைப் பார்ப்பதாக எண்ணச் சொன்னதும், சற்று முன் விட்டுப்போன கட்டடங்களின் பெயர்கள் வந்தன. கண்ணுக்கு வேலையே இல்லாத நினைவுக் காட்சியிலும் இடப்பக்கம் மறைகிறது என்றால், குறை கவனத்தில் இருக்கிறது என்றுதான் பொருள். பார்வைப் புலத்தின் பாதியை மட்டும் இழந்தவர், அதை உணர்ந்தபின் தலையைத் திருப்பி ஈடுசெய்யக் கற்றுக்கொள்வார். புறக்கணிப்பு உள்ளவருக்குத் திருப்ப வேண்டும் என்ற எண்ணமே எழாது. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்தும் இருக்கலாம் என்பதால், பிரித்தறியாமல் தூண்டலைத் தொடங்கக் கூடாது.

அடுத்த தவறு இயல்பாகத் தோன்றுவது, ஆகவே நின்று பார்க்க வேண்டியது: வலப்பக்கம் பாதிக்கப்பட்டிருக்கிறது, ஆகையால் வலப்பக்கத்தைத்தான் தூண்ட வேண்டும் என்று முடிவு கட்டுவது. மூளையின் இரு பாதிகளும் கவனத்தை எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு ஒன்றையொன்று அடக்கி வைத்திருக்கின்றன என்று நரம்பியலாளர் மார்செல் கின்ஸ்போர்ன் 1970-களில் விளக்கினார். வலப்பாதி தளர்ந்தால் இடப்பாதி கட்டற்றுப்போய்க் கவனம் முழுவதையும் வலப்புறம் இழுத்துவிடும். அதற்கு முன்பே, 1966-இல், ஸ்ப்ரேக் என்ற ஆய்வாளர் பூனைகளில் இதற்கு ஒப்பான விந்தையைக் கண்டிருந்தார்: ஒருபக்க மூளைப்புறணியை (மூளையின் மேலடுக்கை) நீக்கியதால் மறைந்த பார்வை, மறுபக்கத்து நடுமூளையின் ஒரு பகுதியைச் சேதப்படுத்தியதும் ஓரளவு திரும்பியது. 1996-இல் பதிவான ஒரு நோயாளிக்கு, முதல் பக்கவாதத்தால் வந்த புறக்கணிப்பு, இடப்பக்கத்தில் நேர்ந்த இரண்டாவது பக்கவாதத்துக்குப் பின் மறைந்தது. இவற்றின் வழியே வந்ததுதான், நலமாக உள்ள இடப்பக்க பரைட்டல் பகுதியை (மூளையின் மேல்-பின் பகுதியை) காந்தத் துடிப்பால் அடக்கும் முறை. ஆனால் இந்தப் போட்டிக் கொள்கையை மறைநூலாகக் கொள்வதும் தவறே. சேதம் மிகப் பெரிதாக இருப்பவரிடம் மீட்சிக்கு உதவுவதே அந்த இடப்பாதியாக இருக்கலாம். எனவே ஸ்கேனைப் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே இடம், ஒரே முறை என்று வைத்துக்கொள்ள முடியாது.

கூடுதலாகக் கொடுத்தால் கூடுதல் பலன் என்ற கணக்கும் இங்கே செல்லாது. நொடிக்கு ஒரு துடிப்பு என்ற மெதுவான காந்தத் தூண்டல் பொதுவாக அடக்கும். நொடிக்கு ஐந்துக்கு மேற்பட்டது பொதுவாகக் கிளர்த்தும். துடிப்புகளைக் கொத்துக்கொத்தாகச் செலுத்தும் தீட்டா வெடிப்பு முறையை இடைவிடாமல் கொடுத்தால் 600 துடிப்புகள் 40 நொடியில் முடிந்துவிடும். நலமானவர்களின் இயக்கப் புறணியில் (உடல் அசைவை ஆளும் பகுதியில்) 1 மில்லியாம்பியரில் கிளர்ச்சியைக் குறைத்த எதிர்முனை (கேதோடு) மின்னோட்டம், 2 மில்லியாம்பியரில் 20 நிமிடம் செலுத்தப்பட்டபோது கிளர்ச்சியைக் கூட்டியதாக 2013-இல் ஒரு ஆய்வு காட்டியது. இணையத்தில் வாங்கிய கருவியை வீட்டில் தலையில் மாட்டிக்கொள்வது ஏன் கூடாது என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

வலிப்பு வந்த வரலாறு, தலைக்குள் உலோகக் கிளிப், காக்ளியர் இம்ப்ளாண்ட், பேஸ்மேக்கர் ஆகியவற்றை முதலிலேயே தெரிவிக்க வேண்டும். அறுவையில் மண்டையோட்டின் ஒரு துண்டு அகற்றப்பட்டிருந்தால் மின்னோட்டம் அந்த இடைவெளி வழியே பாய்ந்து கணக்கையே மாற்றிவிடும். இதை ஏனோ பலரும் சொல்ல மறக்கின்றனர்.

தூண்டலையே சிகிச்சையாக எண்ணிப் பயிற்சியைத் தள்ளிவைப்பதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. இடப்பக்கம் தேடிப் பார்க்கும் பயிற்சி, இடக்கையை இயக்குதல், காட்சியை ஒருபுறம் நகர்த்திக் காட்டும் முப்பட்டகக் கண்ணாடிப் பயிற்சி ஆகியவற்றோடு சேர்த்துக் கொடுக்கப்படும் துணைதான் தூண்டல். புறக்கணிப்புக்கான மருந்தில்லாச் சிகிச்சைகளை 2021-இல் தொகுத்து ஆய்ந்த, மருத்துவச் சான்றுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, அவற்றின் பயனுக்கான சான்று மிகவும் உறுதியற்றது என்றே கூறியது. ஆகவே உறுதிமொழி தருபவரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

பலனை அளப்பதிலும் பிழை நேர்கிறது. கோட்டை நடுவில் பிரிக்கும் தாள் சோதனையில் தேறியவர் வீட்டில் கதவு நிலையில் இடத்தோளை இடித்துக்கொள்ளலாம். கேத்தரின் பெர்கெகோ அளவுகோல் இதற்காகவே சட்டையின் இடக்கை, தட்டின் இடப்பக்கம், நடக்கும்போது மோதுதல் போன்ற பத்து அன்றாடச் செயல்களைக் கவனித்து 30-க்கு மதிப்பெண் இடுகிறது. 2012-இல் வெளிவந்த ஒரு தீட்டா வெடிப்பு ஆய்வு அன்றாடச் செயல்களில் முன்னேற்றத்தைப் பதிவு செய்ததால்தான் மதிக்கப்படுகிறது. முதல் சில மாதங்களில் தானாகவே மீட்சி நிகழும் என்பதால், தூண்டலுக்கு முன்பே ஓரிரு வாரம் இத்தகைய பதிவை வீட்டாரும் வைத்திருந்தால், எந்த மாற்றம் எப்போது தொடங்கியது என்பதை மருத்துவரிடம் காட்ட முடியும்.