ஒரு போனும் ஒரு கூத்துக்குழுவும்: போலி ஆவணப்படம் எடுக்கலாம்

கற்பனைக் கதையை உண்மையான ஆவணப்படம் போல எடுப்பதுதான் போலி ஆவணப்படம். அதற்கு வசனம் எழுத உட்காராதீர்கள். 1984இல் ரொப் ரைனர் இயக்கிய 'திஸ் இஸ் ஸ்பைனல் டாப்' படத்தில் பெரும்பாலான பேச்சு நடிகர்கள் அந்த இடத்திலேயே பேசியதுதான். தியேட்டரில் பெரிதாக ஓடவில்லை. வீடியோ கசெட்டில்தான் இரசிகர்கள் சேர்ந்தார்கள். அது ஒரு கற்பனை ரொக் இசைக்குழுவின் கதை. மட்டக்களப்பில் நமக்குக் கூத்து இருக்கிறது.

வடமோடி என்ற கூத்து வகையை ஆடும் கற்பனைக் குழு ஒன்றை உருவாக்குங்கள். நடிகருக்கு ஓர் ஆசை, ஓர் இரகசியம் மட்டும் கொடுங்கள். மத்தளக்காரருக்கு அண்ணாவியாராக, அதாவது கூத்தைப் பழக்கும் ஆசிரியராக, வர ஆசை. அருச்சுனன் வேடக்காரருக்குத் தாளம் பிடிபடாது, ஒத்துக்கொள்ள மாட்டார். காட்சிக்கு ஒரு வரி போதும்: அரங்கேற்றத்துக்கு முதல்நாள், தாளம் போடும் சல்லாரி காணாமல் போகிறது. மறுகா கமராவை ஓடவிட்டு, "கடைசியா அத ஆரு வச்சிருந்த?" என்று கேளுங்கள். சண்டை தானாகத் தொடங்கும்.

யாரும் சிரிப்பு மூட்ட முயலக்கூடாது. நான் பழக்கும் பிள்ளைகளிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: பாத்திரம் தன் கலையை மனதார நேசிக்க வேண்டும். கூத்தையே கேலி செய்தால் படம் கெட்டுவிடும், அண்ணாவிமாரின் மனமும் நோகும்.

காசை ஒலிக்குச் செலவழியுங்கள். கல்லடிக் கடற்கரைக் காற்றில் போன் மைக்கில் பேச்சே கேட்காது. சட்டையில் குத்தும் மைக் இல்லையென்றால், இன்னொரு போனைப் பேசுபவரின் சட்டைப்பையில் றெக்கோட் பண்ண விடுங்கள். வெளிச்சத்துக்கு மாலை வெயில் போதும்.

அப்புறம் வெட்டுதல். எடுத்ததில் பெரும்பகுதி போய்விடும், கவலைப்படாதீர்கள். பேச்சு முடிந்ததும் உடனே வெட்டாமல், அந்த முகத்தை இன்னும் இரண்டு விநாடி விட்டுவையுங்கள்.